வீட்டுப் பட்டறையில் மரத்தூசி: தீங்கும் தடுப்பும்

மரவேலை நம் நாட்டின் தொன்மையான கைத்தொழில்களுள் ஒன்றாகும். உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் சீசம் மரத்தில் பூவேலை செதுக்குவோர், கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மை செய்வோர், ஆந்திரப் பிரதேசத்தின் கொண்டபள்ளியில் மரப்பொம்மை செதுக்குவோர் ஆகியோருள் பலர் தம் இல்லங்களிலேயே தொழில் புரிகின்றனர். சிற்றூர்த் தச்சர் பலரின் நிலையும் இதுவே. வீட்டின் முன்னறையே பட்டறையாக அமைகிறது. அதனை அடுத்த அறையில் சமையல் நடைபெறுகிறது, குழந்தைகள் உறங்குகின்றனர்.

தொழிற்சாலைகளில் தூசியை அகற்றும் பொறுப்பு சட்டத்தால் விதிக்கப்பட்டதாகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் அச்சட்டம் பொதுவாக, மின்விசை உபயோகிக்கும் இடமாயின் 10 தொழிலாளரும், உபயோகிக்காத இடமாயின் 20 தொழிலாளரும் இருந்தால் மட்டுமே பொருந்திற்று. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவ்வெண்ணிக்கைகளை முறையே 20, 40 என உயர்த்தியது. தந்தையும் மகனும் வேலை செய்யும் வீட்டுப் பட்டறை இவற்றுள் எதிலும் அடங்குவதன்று. ஆகவே, அங்கே பாதுகாப்பு முறைகளை எடுத்துரைக்கும் கடமை பெரிதும் களப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையுமே சார்ந்துள்ளது. இக்கட்டுரை அவர்களுக்கென எழுதப்பட்டது.

சுருள், தூள், தூசி

மரத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் மூவகைக் கழிவுகள் உண்டாகின்றன. கூரிய இழைப்புளியிலிருந்து சுருள் வருகிறது. வாள், தூளை உதிர்க்கிறது. உப்புத்தாளும், மின்சாரத்தால் இயங்கும் தேய்ப்பு யந்திரமும் தூளைவிட மிக நுண்ணிய தூசியை எழுப்புகின்றன. சுருளும் தூளும் கண்ணுக்குத் தெரிகின்றன, தரையில் குவிகின்றன, கூட்டி அள்ளப்படுகின்றன. தூசியோ பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் மிதக்கிறது. தரையில் கிடக்கும் குவியலைக் கொண்டு அபாயத்தை அளவிடுவது தவறு என்பதே இப்பாடத்தின் முதற் கருத்து.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் எனப்படும். நீரின் அடர்த்தியை ஒத்த உருண்டையான துகள் ஒன்று, அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வதாகக் கொள்வோம். அதன் விட்டம் 100 மைக்ரானாயின், ஏறத்தாழ 6 விநாடிகளில் தரையை அடையும். 10 மைக்ரானாயின் ஏறத்தாழ 8 நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரானாயின் ஏறத்தாழ 12 மணி நேரம் வேண்டும். இத்தகைய சிறு துகள்களின் வீழ்வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. உண்மையில் அறைக் காற்று ஒருபோதும் அசையாதிருப்பதில்லை. ஆதலால் நுண்துகள்கள் இதனினும் நெடுநேரம் மிதக்கக்கூடும். மாலையில் யந்திரத்தை நிறுத்தித் தரையைக் கூட்டிய பின்னரும், அன்றைய தூசியில் ஒரு பகுதி இரவு முழுவதும் வீட்டுக் காற்றில் இருக்கிறது.

சுவாசத்தின்போது 100 மைக்ரான் வரையுள்ள துகள்கள் மூக்கிலும் வாயிலும் புகக்கூடும். 10 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றுள் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றன. ஏறத்தாழ 4 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லவல்லவை. ஆகவே பருந்தூசி மூக்கையும் நுண்தூசி நுரையீரலையும் தாக்குகின்றன எனச் சுருக்கமாகக் கூறலாம்.

உடலுக்கு விளையும் தீங்குகள்

இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் பகுதியிலுள்ள ஹை விக்கம் நகரம் நாற்காலி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1960களில் அங்குப் பணியாற்றிய காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஈஸ்மி ஹாட்ஃபீல்டு, மூக்கின் உட்புழையில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் மரத்தளவாடத் தொழிலாளரிடையே மிகுதியாகக் காணப்படுவதைக் கவனித்தார். அவரும் டொனால்டு ஆச்சிசன் முதலிய ஆராய்ச்சியாளரும் இத்தொடர்பை ஆராய்ந்து 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். பிற நாடுகளிலும் இதே முடிவு உறுதிப்பட்டது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதியான சான்றுள்ள பொருள்களின் வரிசையில் மரத்தூசியைச் சேர்த்து வெளியிட்டது.

இந்நோய் அரியது என்பதையும் உடன் கூறவேண்டும். மரவேலை செய்வோர் அனைவருக்கும் இது வருவதன்று. எனினும் தூசியை முதலில் சுவாசித்த காலத்திற்கும் நோய் தோன்றும் காலத்திற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிகின்றன. இன்று நலமாயிருத்தல் பிற்கால நலத்திற்கு உறுதியாகாது. பள்ளி விடுமுறையில் தந்தைக்கு உதவியாக உப்புத்தாள் தேய்க்கும் சிறுவனைப் பொறுத்தவரை இச்செய்தி பெரிதும் கருதத்தக்கது.

அன்றாடம் காணப்படும் தீங்குகள் வேறு. மூக்கடைப்பு, தும்மல், மூக்கில் இரத்தக்கசிவு, கண்ணெரிச்சல், நாட்பட்ட இருமல் ஆகியன தூசியால் உண்டாகலாம். சில மரங்களின் வேதிப்பொருள்கள் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. சீசமும் தோதகத்தியும் அடங்கிய டால்பெர்ஜியா இனத்து மரங்களில் டால்பெர்ஜியோன் என்னும் பொருள்களும், தேக்கில் லப்பாகால் போன்ற பொருள்களும் உள்ளன. இவற்றால் இமை, கழுத்து, முன்கை ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றலாம். தூசியால் ஆஸ்துமா உண்டாவதும் உண்டு. வேலைநாளில் மிகுந்தும், சில நாள் ஊரைவிட்டுச் சென்றால் தணிந்தும் காணப்படும் மூச்சிரைப்பு இதன் அடையாளமாகும்.

ஒட்டுப்பலகையையும் மரநார்ப் பலகையையும் அறுக்கும்போது மரத்தூசியோடு பிசினின் தூசியும் எழுகிறது. இப்பிசின்களுள் பல பார்மால்டிஹைடு கொண்டு செய்யப்படுவன. பழைய கதவு, சன்னல்களைத் தேய்ப்பதில் வேறோர் அபாயம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட பெயிண்டில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தல் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டினுள் அறவே கூடாது.

எவ்வளவு தூசி மிகுதி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல், எட்டு மணி நேர வேலையில் வன்மரத் தூசியின் சராசரி அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. சீசமும் தேக்கும் வன்மரங்களே. இவ்வளவு எத்துணைச் சிறியது என்பதை ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம்.

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். அவ்வறையில் 72 மில்லிகிராம் தூசி மிதந்தாலே மேற்கூறிய வரம்பு எட்டப்பட்டுவிடும். ஒரு தேக்கரண்டி உப்பின் எடை ஏறத்தாழ 6 கிராம். 72 மில்லிகிராம் அதில் எண்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு பலகையை யந்திரத்தால் சில நிமிடங்கள் தேய்த்தால் உதிரும் தூசி இதனைப் பன்மடங்கு விஞ்சும். அதில் சிறு பகுதி மட்டுமே காற்றில் எஞ்சினும் வரம்பு எளிதில் கடக்கப்படும்.

தடுப்பு முறைகளின் வரிசை

தூசி என்றவுடன் முகமூடி நினைவிற்கு வருவது இயல்பு. ஆனால் முகமூடி அதனை அணிந்தவரை மட்டுமே காக்கும். வீட்டுப் பட்டறையிலோ அணியாதோரும் அதே காற்றைச் சுவாசிக்கின்றனர். அடுக்களையில் இருப்பவருக்கும் தொட்டிற் குழந்தைக்கும் தச்சரின் முகமூடியால் பயனில்லை. ஆகவே வீட்டுப் பட்டறையில் முகமூடி கடைசிப் படியாகவே அமைதல் வேண்டும். தூசியைப் பிறக்கவிடாமல் தடுப்பதும், பிறந்த இடத்திலேயே பிடிப்பதும் முதற்படிகள்.

1. தூசியைக் குறைவாக உண்டாக்குதல். கூரிய கருவி சுருளைத் தருகிறது. மழுங்கிய கருவி மரத்தைத் துகளாக்குகிறது. இழைப்புளியையும் உளியையும் நன்கு தீட்டி வைத்திருந்தால் உப்புத்தாளின் தேவை குறையும். எஃகுச் சுரண்டு தகட்டைக் கொண்டு இறுதி மெருகிடலாம்; அது மெல்லிய சீவலையே எடுக்கும். சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் பொம்மையின் மீது அரக்கை அழுத்துகின்றனர். உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகிறது. பின்னர்த் தாழை மடலால் மெருகேற்றப்படுகிறது. அந்த இறுதி மெருகில் உப்புத்தாளுக்கு இடமில்லை. வார்னிஷ் பூச்சுகளுக்கிடையே தேய்க்க நேர்ந்தால், நீர் பட்டுக் கெடாத தாளை நனைத்துத் தேய்க்கலாம். மின்சார யந்திரங்களில் ஒருபோதும் நீரை உபயோகித்தல் கூடாது.

2. பிறக்குமிடத்திலேயே பிடித்தல். காற்றை ஊதுவது எளிது, உறிஞ்சுவது கடினம். உறிஞ்சு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவே விலகிய இடத்தில், காற்றின் வேகம் வாயிலுள்ள வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எனவே குழாயை வேலை மேசையின் அருகே எங்கேனும் வைத்தால் போதாது. வாளின் பல்லருகே, தேய்ப்பு யந்திரத்தின் தூசித் துளையிலேயே பொருத்தவேண்டும். புதிய தேய்ப்பு யந்திரங்கள் பலவற்றில் இதற்கான துளை உண்டு. தூசியுறிஞ்சியின் வடிகட்டி நுண்ணியதாக இல்லாவிடில், அது தூளைப் பிடித்துக்கொண்டு தூசியை மறுபுறம் வெளியேற்றிவிடும். ஹெப்பா வகை வடிகட்டி உள்ளதைத் தேர்ந்தெடுத்தல் அல்லது உறிஞ்சியை வீட்டிற்கு வெளியே, அயலார் சன்னலை நோக்காதவாறு வைத்தல் நலம். இரும்பைத் தீட்டும் சக்கரத்துடன் இவ்வுறிஞ்சியை இணைத்தலாகாது. தீப்பொறி பையினுள் சென்று தூளைப் பற்றவைக்கும்.

3. காற்றோட்டம். உறிஞ்சி வாங்க இயலாதோர் தேய்ப்பு வேலையைத் திண்ணையிலோ மரநிழலிலோ செய்யலாம். காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நிற்றல் சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பின்னிருந்து வரும் காற்று உடலைச் சுற்றி வந்து, மார்பின் முன் சுழலை உண்டாக்கித் தூசியை முகத்திற்கே கொணரும். காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லுமாறு நிற்பதே முறை. அறையினுள் வேலை செய்தால் காற்றை வெளியேற்றும் விசிறி தெருப்பக்கச் சுவரில் இருத்தல் வேண்டும். வீட்டினுள் செல்லும் கதவு மூடப்பட்டிருத்தல் வேண்டும். மேசை விசிறியோ கூரை விசிறியோ தூசியை அகற்றுவதில்லை; படிந்ததையும் மீண்டும் கிளப்புகிறது.

4. துப்புரவு. உலர்ந்த துடைப்பத்தால் வேகமாகக் கூட்டினால், தரையில் அடங்கிய தூசி மீண்டும் சுவாசிக்கும் உயரத்திற்கு எழும். சிறிது நனைத்த மரத்தூளைத் தரையில் தூவிக் கூட்டுவது நல்ல முறை. நுண்தூசி அதனோடு ஒட்டிக்கொள்ளும். சட்டங்களையும் அலமாரிகளையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். அழுத்தக் காற்றினால் மேசையையோ ஆடையையோ ஊதித் தூய்மை செய்தல் கூடாது. பட்டறை உடையை வீட்டினுள் உதறாமல், வாசலிலேயே மாற்றி, கைகால் முகம் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்கவேண்டும்.

5. முகமூடி. மேற்கூறியவற்றிற்குப் பின்னும் எஞ்சும் தூசிக்கு முகமூடி தேவை. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது பருந்தூளையே தடுக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 9473 என்னும் தரத்திற்கேற்ற எஃப்.எஃப்.பி.2 வகை முகமூடியை உபயோகிக்கலாம்; அது சோதனைத் துகள்களில் குறைந்தது 94 சதவீதத்தை வடிகட்டவேண்டும் என்பது விதி. மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்தி, இரு பட்டைகளையும் மாட்டுதல் வேண்டும். அடர்ந்த தாடி இருப்பின் விளிம்பில் காற்று கசியும். யந்திரத்தை நிறுத்தியவுடன் முகமூடியைக் கழற்றுவது பெரும்பாலோர் வழக்கம். தூசி அடங்குவதற்கு ஆகும் காலத்தை நினைந்தால் இவ்வழக்கத்தின் தவறு விளங்கும்.

தீ அபாயம்

மரக்கட்டை மெதுவாக எரிகிறது; சுருள் விரைந்து எரிகிறது; காற்றில் கலந்த நுண்தூசியோ வெடிக்கவும் கூடும். ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிராம் தூசி கலந்திருந்தால் வெடிப்பு நிகழ வாய்ப்புண்டு. தரையில் 0.8 மில்லிமீட்டர் கனத்திற்குத் தூசி படிந்திருப்பதாகவும், ஒரு கன மீட்டர் தூசியின் எடை 200 கிலோகிராம் எனவும் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 160 கிராம் தூசி உள்ளது. 3 மீட்டர் உயரமுள்ள அறையில் அது முழுவதும் கிளம்பினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 53 கிராம் ஆகிறது. திறந்த வீட்டுப் பட்டறையில் இத்தகைய வெடிப்பு அரிது. சாதாரணத் தீ விபத்தே மிகுதி. ஆயினும் உத்தரங்களின் மேல் படியும் மெல்லிய அடுக்கை அலட்சியம் செய்யலாகாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

பட்டறையில் பீடி, சிகரெட், அடுப்பு, திறந்த விளக்கு ஆகியவை கூடா. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகளைச் சுருட்டிக் குவித்தால், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி அவை தாமாகவே தீப்பற்றும். அவற்றை வெளியில் ஒற்றையாக விரித்து உலர்த்தவேண்டும். அல்லது நீர் நிரம்பிய மூடியுள்ள தகரப் பெட்டியில் இடவேண்டும்.

யந்திரத்தின் அருகே

வட்ட ரம்பத்தின் காப்புமூடியைக் கழற்றி வைத்தலாகாது. அறுத்த பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தை இறுக்கினால் பலகை வேலை செய்பவர்மீது பாயும். ரம்பத்தின் பின் நிற்கும் பிளவுத் தகடு இதனைத் தடுக்கிறது. சிறு துண்டுகளைக் கையாலன்றித் தள்ளுகோலால் செலுத்தவேண்டும். சுழலும் கருவியருகே கையுறை, தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியன அபாயமானவை. வாளை மாற்றுமுன் மின்னிணைப்பை அகற்றுதல், கண்ணாடி அணிதல், ஒலி மிகுந்த யந்திரத்திற்குக் காதடைப்பான் உபயோகித்தல், மின் இணைப்பில் நில இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் அமைத்தல் ஆகியவற்றையும் வலியுறுத்தவேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

முதற் சோதனை: அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளிக்கற்றையைக் குறுக்கே செலுத்துக. ஒளிக்கற்றையினுள் ஒரு மரத்துண்டை ஆசிரியர் முதலில் இழைப்புளியாலும் பின்னர் உப்புத்தாளாலும் தேய்த்துக் காட்டலாம். மாணவர் விலகி, விளக்கை நோக்கிய திசையில் நின்று, விளக்கின் முகத்தை ஓர் அட்டையால் தம் கண்ணிலிருந்து மறைத்துப் பார்க்கவேண்டும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத தூசி மேகம் தெளிவாகத் தெரியும். அது மறைய ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்க.

இரண்டாம் சோதனை: மேசைமீது சிறு காகிதத் துணுக்கைக் குண்டூசித் தலையளவிற்கு உருட்டி வைத்து, உறிஞ்சு குழலால் ஊதுக, பின்னர் உறிஞ்சுக. ஊதும்போது ஒரு சாண் தொலைவிலிருந்தும் அசையும் காகிதம், உறிஞ்சும்போது குழல் ஏறத்தாழத் தொடுமளவு நெருங்கினாலன்றி அசையாது.

மூன்றாம் சோதனை: கண்ணாடித் தகடுகளில் வாசலின் மெல்லிய பூச்சைத் தடவி, ஒரு பட்டறை வீட்டின் முன்னறை, அடுக்களை, உறங்கும் அறை, கொல்லை ஆகிய நான்கிடங்களில் ஒரு நாள் வைத்து, உருப்பெருக்கியால் ஒப்பிடுக. தூசி எத்துணைத் தொலைவு செல்கிறது என்பதை வீட்டாரே காண்பர். அறிவுரையினும் இக்காட்சி வலிமையுடையது.

களப் பணியாளர் கவனத்திற்கு

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் அடங்கிய 18 தொழில்களுள் தச்சுத் தொழிலும் ஒன்று. பயிற்சியோடு ரூ. 15,000 வரை கருவிகளுக்கான உதவியும் அதில் வகுக்கப்பட்டது. கருவி தேர்ந்தெடுக்கும் வேளையே தூசித் துளையுள்ள யந்திரத்தையும் நல்ல வடிகட்டியையும் பற்றி எடுத்துரைக்க ஏற்ற வேளையாகும்.

பட்டறைக்குச் செல்லும்போது தச்சரின் உடல்நலத்தோடு வீட்டாரின் நலத்தையும் வினவுதல் வேண்டும். ஒரு பக்க மூக்கடைப்பு பல வாரங்கள் நீடித்தாலோ, அப்பக்கத்திலிருந்து இரத்தம் கசிந்தாலோ, காலந்தாழ்த்தாது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்புக. நோயாளி தம் தொழிலை மருத்துவரிடம் தவறாமல் கூறும்படி அறிவுறுத்துக.

எல்லா ஏற்பாடுகளையும் ஒரே நாளில் செய்யுமாறு கூறினால் எதுவும் நடைபெறாது. தேய்ப்பு வேலையைத் திண்ணைக்கு மாற்றுதல், வீட்டினுள் செல்லும் கதவை மூடுதல், ஈரத்துணியால் துடைத்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றி நாளையே தொடங்கத்தக்கவை. அவற்றை முதலில் கூறுக.

பயிற்சி வினாக்கள்

1. 10 மைக்ரான் துகள் ஒன்று வீழ 8 நிமிடம் ஆகுமாயின், 5 மைக்ரான் துகள் அதே உயரத்திலிருந்து வீழ எவ்வளவு நேரமாகும்?

2. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் எத்தனை மில்லிகிராம் தூசி மிதந்தால் கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்னும் வரம்பு எட்டப்படும்?

3. காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று தேய்ப்பது ஏன் தகாது?

4. ஒரு தச்சர் தவறாமல் முகமூடி அணிகிறார். அடுத்த அறையில் உறங்கும் அவருடைய குழந்தைக்கு இருமல் நீங்கவில்லை. அவ்வீட்டில் முதலில் மாற்றத்தக்கவை எவை? காரணம் கூறுக.